சாலேஹாவின் முட்டி

போன மாதம் ஜொகூர் பாருவிலிருந்து மூன்று பிள்ளைகள் என்னைப் பார்க்க மூவாருக்கு வந்திருந்தார்கள். நடனக் குழு வைத்திருக்கிறார்களாம். உள்ளூர் ஆட்டக்காரர்களும் நடனம் அமைப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து புதிதாக ஓர் ஆட்டத்தை உருவாக்குகிறார்களாம். இந்த நாட்டிலேயே இதுதான் முதல் தடவையாம்.

"ஆண்ட்டி, உங்க காலத்துல மாஸ்டர் சொல்லிக் குடுத்ததை அப்படியே ஆடுவீங்க, இல்லையா? நீங்களா சேர்ந்து எதுவும் செஞ்சதில்லதானே?" என்று ஒருத்தி கேட்டாள்.

குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் பதிலைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்டாள். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். வாயால் பதில் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். எழுதினாலும் திட்டத்தான் போகிறேன். ஆனால் எழுதித் திட்டினால் அதைக் கட்டுரை என்கிறார்கள்.

நான் ஆடியது பங்சாவானில். மலாய் நாடகக் கம்பெனி. ராஜா, ராணி, பூதம், மாயக்குதிரை எல்லாம் வரும். வசனம் மலாயில் இருக்கும். ஆட்கள் மலாய், ஜாவா, சீனம், தமிழ் என்று கலந்திருப்பார்கள். ஒரு காட்சி முடிந்து முன்படுதா இறங்கியதும் உள்ளே செட்டு மாற்றுவார்கள். அந்த நேரத்தில் படுதாவுக்கு வெளியே நாங்கள் ஆடவேண்டும். 'எக்ஸ்ட்ரா டர்ன்' என்று அதற்குப் பெயர். சனங்கள் எழுந்து வெளியே போகாமல் பிடித்து வைப்பதுதான் வேலை. அது கலை என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சம்பளத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்திருப்போம்.

என் பயிற்சியைப் பற்றிக் கேட்கிறார்கள். அப்பா ரோடு போடும் கூட்டத்தில் வேலை செய்து காய்ச்சலில் போய்விட்டார். அம்மா கம்பெனிக்கு உடுப்பு தைத்தாள். ஒருநாள் ஆட்டக்காரி ஒருத்தி கப்பல்காரனோடு ஓடிப்போனாள். அவளுடைய பாவாடை எனக்குச் சரியாக இருந்தது. அதுதான் என் அரங்கேற்றம். நான் மேடையேறியது தெரிந்ததும் பங்குச் சாமியார் எனக்கு நற்கருணை கொடுப்பதை நிறுத்தினார். பிறகு கோயில் திருநாளுக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டம் வேண்டியிருந்தபோது அதே சாமியார் ஆள் அனுப்பினார். போய்ச் சொல்லிக் கொடுத்தேன். மறு ஞாயிறு நற்கருணையும் கிடைத்தது. பெரிய மனிதர்களின் கொள்கையைப் பற்றி நான் தெரிந்துகொண்ட முதல் பாடம் அது.

எங்கள் தொழிலின் கஷ்டம் மேடையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். படுதாவுக்கும் மேடை விளிம்புக்கும் நடுவே இருந்த இடம் ஒரு கட்டில் அகலம்கூட இருக்காது. முன்னே போனால் காஸ் விளக்கில் பாவாடை பற்றிக்கொள்ளும். பின்னே போனால் படுதா விலகி, உள்ளே ராஜா கைலியோடு நின்று பீடி குடிப்பது தெரியும். நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் ஆடமுடியும். எவ்வளவு நேரம் ஆடுவது என்பதும் எங்கள் கையில் இல்லை. செட்டு தயாரானால் ஆசாரி உள்ளேயிருந்து பலகையைச் சுத்தியலால் தட்டுவான். அந்தத் தட்டு கேட்டால் முடிக்கவேண்டும். கேட்கவில்லை என்றால் முடிக்கக்கூடாது. ஆகவே எங்கே வேண்டுமானாலும் நீட்டவும், எங்கே வேண்டுமானாலும் வெட்டவும் முடிகிற மாதிரிதான் ஆட்டத்தைச் செய்யவேண்டும். இப்போது இசைத்தட்டு நின்றதும் கைகூப்பிவிட்டுப் போகிறவர்களுக்கு இது விளங்காது.

எங்களுக்கு ஆட்டம் அமைத்துக் கொடுக்க ஒருவர் இருந்தார். சிங்காரம் மாஸ்டர். சென்னையில் பெரிய நாடகக் கம்பெனிகளில் இருந்தவர் என்று சொல்லிக்கொள்வார். கோட்டில் மெடல்கள் குத்தியிருப்பார். அவை எதற்குக் கிடைத்தன என்று கேட்டால் கோபம் வரும். இங்கேயே பிறந்த எங்களுக்கு அவர் வைத்த பெயர் 'லோக்கல் சரக்கு'. கப்பலேறி வந்தது மட்டும்தான் அவருக்குக் கலை.

அவர் பாடம் நடத்துகிற விதத்தைச் சொல்லவேண்டும். நின்று காட்டமாட்டார். ஆர்மோனியத்தின் மூடியின் மேல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இரண்டு கால்களாக வைத்து ஆடிக் காட்டுவார். விரல்கள் குதிக்கும், சுழலும், மண்டியிடும். அழகாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்லமாட்டேன். பிறகு எங்களைப் பார்த்து, "பாத்தீங்களா? இவ்வளவுதான். இதுகூட வராதா?" என்பார். விரலுக்கு எடை கிடையாது. அது விழுந்தால் வலிக்காது. அதன்மேல் உடம்பு என்று ஒன்று இல்லவே இல்லை. இதை அவரிடம் யார் சொல்வது? விரல் செய்ததைக் கால் செய்யாதபோதெல்லாம் குற்றம் காலுடையது.

கம்பெனி முதலாளி மூவார்க்காரர், சீனர். தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் ஒருநாளும் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. படுதாவின் கிழிசல் வழியாக பெஞ்சுகளைத்தான் பார்ப்பார். ஆட்கள் உட்கார்ந்திருந்தால் நல்ல ஆட்டம், எழுந்தால் கெட்ட ஆட்டம். என் வாழ்நாளில் நான் சந்தித்த விமர்சகர்களில் நேர்மையானவர் அவர் ஒருவர்தான்.

அந்த வருஷம் ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். டிக்கெட்டும் விழுந்தது. கூட்டத்தை இழுக்க தவுக்கே மேடையில் ஓர் அருவி கட்டினார். நிஜத் தண்ணீர் கொட்டும். ஆனால் குழாய், தொட்டி, பாறை எல்லாவற்றையும் தூக்கி நிறுத்த நெடுநேரம் பிடித்தது. அதற்குள் சனங்கள் வெளியே குச்சியில் இறைச்சி சுட்டு விற்கும் சத்தே கடைக்குப் போய்விடுவார்கள்; பாதிப்பேர் அப்படியே வீட்டுக்கும் போய்விடுவார்கள். மாஸ்டர் விரலால் ஒரு ராதா கிருஷ்ண நடனம் அமைத்தார். கூட்டம் வேர்க்கடலைத் தோலை எறிந்தது. அடுத்த வாரமும் இப்படியென்றால் எக்ஸ்ட்ரா டர்ன் ஆட்களை எல்லாம் நிறுத்திவிடுவேன் என்று தவுக்கே சொல்லிவிட்டார். வேறு வேலை எங்கும் இல்லாத காலம்.

அப்போதுதான் நாங்கள் மூன்று பேர் மத்தியான நேரத்தில் காலி மேடையில் கூடினோம். மாஸ்டர் அந்த நேரத்தில் தூங்குவார்.

ஒருத்தி நான். இன்னொருத்தி சாலேஹா. என்னைவிட வயதில் மூத்தவள், முன்பு ரோங்கெங் ஆடியவள். காசு கொடுத்து மேடையேறும் ஆண்களோடு ஜோகெட் ஆடி, அவர்கள் கையைத் தன்மேல் படவிடாமலே காலம் தள்ளியவள். அவள் பேசியது சந்தை மலாய். இங்கே தமிழில் எழுதுகிறேன்; அவள் என்னை 'ஆடேக்', தங்கச்சி, என்பாள், நாங்கள் அவளைக் 'காக்', அக்கா, என்போம். மூன்றாமவர் பெருமாளண்ணன். சாஆ ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர், திருவிழாவில் கரகம் எடுப்பவர். வேலையிலிருந்து நிறுத்தி ஊருக்குத் திருப்பி அனுப்ப ஆள் சேர்த்தபோது, "கப்பல்ல ஏறுன்னாங்க. நா கரகத்தைத் தலையில வச்சிக்கிட்டு இந்தப் பக்கமா நடந்துட்டேன்" என்பார். கம்பெனியில் படுதாக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்.

ஒன்றாகக் கூடினோம் என்றால் ஒற்றுமையாக இருந்தோம் என்று அர்த்தமில்லை. அந்தப் பிள்ளைகள் 'பகிர்தல்' என்ற சொல்லை எத்தனை தடவை சொன்னார்கள்! நாங்கள் பகிர்ந்துகொண்டது பெரும்பாலும் ஏச்சுத்தான்.

"கிட்டப் போகணும், தொடக்கூடாது. தொட்டா அங்கேயே ஆட்டம் முடிஞ்சிபோச்சு, ஆடேக்" என்பாள் சாலேஹா.

"என் தலை அசையக்கூடாது. மத்தது எது வேணும்னாலும் அசையட்டும்" என்பார் பெருமாளண்ணன்.

நான் அம்மாவின் கும்மியைக் கொண்டுவந்தேன். குனிந்து தட்டினால் பின்பெஞ்சுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து தட்டினால் கும்மியாக இல்லை. கும்மியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கைத்தட்டை மட்டும் வைத்துக்கொண்டோம். கரகத்தோடு அவர் நடுவில் நிற்க, நாங்கள் இருவரும் இரு பக்கமிருந்தும் தட்டிக்கொண்டே அவரை நெருங்குவோம், தொடாமல் பின்வாங்குவோம். நீட்டவேண்டுமானால் மறுபடி நெருங்கலாம். வெட்டவேண்டுமானால் பின்வாங்கும்போது வெட்டலாம்.

எல்லாம் சரியாக வந்தது, ஒரு திருப்பத்தைத் தவிர. இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் சாலேஹா பிந்தினாள். என்மேல் இடித்தாள். ஒருமுறை கரகமே விழுந்தது.

"கண்ணு தெரியலையா காக்? எத்தன தடவ சொல்றது?" என்று கத்தினேன்.

அவள் சாரோங்கை முட்டிக்கு மேல் தூக்கிக் காட்டினாள். இடது முட்டி வீங்கி, ஓரமாகத் தள்ளி நின்றது. கம்பெனி லாரி கவிழ்ந்தபோது அடிபட்டதாம். சரியாக மடங்காது. இத்தனை நாளும் யாருக்கும் தெரியாமல் மறைத்து ஆடியிருக்கிறாள். தெரிந்தால் வேலை போய்விடும்.

பெருமாளண்ணன் குனிந்து அந்த முட்டியைப் பார்த்தார். "இன்னொரு தடவ திரும்புங்க காக்" என்றார். அவள் காலை நீட்டியபடி தரையில் இழுத்து, பாதி வட்டம் போட்டுத் திரும்பினாள். "இழுக்குது. இழுக்கட்டுமே. நாமளும் இழுத்தா என்ன?" என்றார்.

மூன்று பேரும் இழுத்தோம். பலகையில் 'சர்ர்' என்று ஒரே சத்தம் எழுந்தது. அதுவரை ஒரு கரகமும் ஒரு ஜோகெட்டும் ஒரு கைத்தட்டும் தனித்தனியாகக் கிடந்தன. அந்த இழுப்பில்தான் அவை ஒரே ஆட்டமாயின. சாலேஹா மட்டும் சந்தேகமாக எங்கள் முகத்தைப் பார்த்தாள், கேலி செய்கிறோமோ என்று.

அருவி கட்டும் நேரத்தில் அதை ஆடினோம். சத்தே கடையில் நின்றவர்கள் குச்சியோடு உள்ளே ஓடிவந்தார்கள். தவுக்கே கிழிசலை விட்டுத் திரும்பி, "யாரும் எழுந்திருக்கலை. நல்ல டான்ஸ்" என்றார்.

மறுநாள் மாஸ்டர் அதற்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டிய ஒரு வடமொழிப் பெயரைச் சூட்டினார். இழுப்பு என்பது சாஸ்திரத்தில் சொன்ன யானை நடையாம். தாமே சென்னையிலிருந்து கொண்டுவந்ததாம். எங்கள் எதிரிலேயே சொன்னார். விரலால் அதை மூடிமேல் செய்தும் காட்டினார். விரலில் யானை நொண்டியது.

இந்தப் புகழ் ஜொகூர் பாருவரை போனது. அங்கே இந்தியக் கனவான்களின் சங்கம் ஒன்று ஆண்டுவிழா நடத்த இருந்தது. பெயர் சொல்லமாட்டேன். செயலாளர் ஓர் ஆபீசில் பெரிய கிளார்க். மூவாருக்கே வந்து ஆட்டத்தைப் பின்பெஞ்சிலிருந்து பார்த்தார். தம்மை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு மாஸ்டரிடம் பேசினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"நடனம் பிரமாதம். நம்ம கலாசாரம். ஆனா அந்த ரோங்கெங் பொம்பளை வேணாம். எங்க விழாவுக்குக் குடும்பப் பொம்பளைங்க வர்றாங்க."

"அதுக்கென்ன சார், எடுத்துட்டாப் போச்சு" என்றார் மாஸ்டர். சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டுவதுபோலச் சொன்னார்.

பாலம் தாண்டி சிங்கப்பூரிலிருந்து மிஸ் லலிதாவை வரவழைத்தார். நோட்டீசில் பெயர் போட்டால் கூட்டம் வரும் ஆட்டக்காரி. அவளுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லி சாலேஹாவிடமே விட்டார். சாலேஹாவின் இடத்துக்குத்தான் அவள் வருகிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. "நீ பக்குவமா சொல்லிடு தெரேசா" என்றார் என்னிடம்.

"நீங்க எடுத்த முடிவு, நீங்களே சொல்லுங்க மாஸ்டர்" என்றேன். அவருக்குத் திடீரென்று மூக்குப்பொடி டப்பா எங்கே வைத்தோம் என்று தேடவேண்டியிருந்தது.

சாலேஹா முட்டாள் இல்லை. புரிந்துகொண்டே சொல்லிக்கொடுத்தாள். எதையும் ஒளிக்கவில்லை. லலிதா சுறுசுறுப்பு, சீக்கிரமே எல்லாம் பிடித்துக்கொண்டாள். ஆனால் திருப்பம் வந்ததும் நின்றாள்.

"இங்க ஏன் கால் இழுக்கணும்? நான் சும்மா சுத்திடுவேனே."

சாலேஹா முட்டியைக் காட்டினாள். லலிதா அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நேரே மாஸ்டரிடம் போனாள்.

"மாஸ்டர், இது அவங்க உடம்புக்குத் தைச்ச சட்டை. நான் போட்டா தொளதொளன்னு நிக்கும். என் பேரைக் கெடுத்துக்கவா நான் சிங்கப்பூர்லேருந்து வந்தேன்? அவங்களும் ஆடட்டும், நாலு பேரா செய்யலாம். இல்லன்னா நான் கிளம்புறேன்."

தியாகமெல்லாம் இல்லை. தன் பெயரைப் பற்றித்தான் கவலைப்பட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

நோட்டீஸ் அச்சாகிவிட்டது. லலிதா போனால் விழா போச்சு. மாஸ்டரின் மூளை இந்த மாதிரி நேரத்தில்தான் வேலை செய்யும். சாலேஹாவுக்குச் சேலை கட்டி, தஞ்சாவூர் சாரதா என்று பெயர் வைத்து, மௌன விரதம் என்று சொல்லிவிட முடிவு செய்தார். தமிழ் பேசத் தெரியாதவளுக்கு விரதம்தானே பாதுகாப்பு!

"சேலை கட்டுறேன். சேலை துணிதானே. பொட்டு வைக்கமாட்டேன்" என்றாள் சாலேஹா.

"காக், நீங்க வரணும்னு கட்டாயம் இல்ல. நானும் பெருமாளண்ணனும் முடியாதுன்னு சொல்லிடுறோம்" என்றேன்.

"சொல்லிட்டு எங்க போவீங்க? ரெண்டு பேரும் கல்லு உடைக்கவா? நான் வர்றேன், ஆடேக். என் கால் செஞ்ச ஆட்டம், அது எங்க போகுதோ அங்க நானும் போகணும்."

லாரியில் போனோம். பத்து பகாட்டில் ஆற்றைக் கடக்க வரிசையில் காத்திருந்தபோது அவள் முட்டிக்கு எண்ணெய் தேய்த்தபடி இருந்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கோட்டும் தலைப்பாகையும். அவர்களுக்கு நடுவில் சிறப்பு விருந்தினராக அரசாங்கத்தைச் சேர்ந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர். பின்னால் நின்றுகொண்டு ரயில்வே ஆட்கள், முனிசிபல் ஆட்கள், பக்கத்துத் தோட்டத்துச் சனங்கள். செயலாளர் உள்ளே வந்து சாலேஹாவைப் பார்த்தார். மாஸ்டர் அறிமுகம் செய்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆஹா! தஞ்சாவூர் தஞ்சாவூர்தான். என்ன அடக்கம்! இங்க பொறந்தது எதுக்காவது இது வருமா?" என்று சொல்லி என்னையும் ஒரு பார்வை பார்த்தார். சாலேஹாவை மூவாரில் தாம் ஏற்கெனவே பார்த்தது அவர் நினைவில் இல்லை. அன்று முகத்தைப் பார்த்திருந்தால்தானே!

எங்களுக்குப் பின் பாரதமாதா காட்சி. சங்கத் தலைவரின் மகள் கிரீடத்தோடு சிங்கத்தின்மேல் உட்காரவேண்டும். நாங்கள் படுதா முன் ஆடத் தொடங்கினோம். இழுப்பு வந்ததும் பின்னாலிருந்து விசில் பறந்தது. முடிக்கும் நேரம் ஓரத்தைப் பார்த்தேன். செயலாளர் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார்: நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க! கிரீடத்தைக் காணோம். மாதா அழுகிறாள்.

மறுபடி நெருங்கினோம், பின்வாங்கினோம். மறுபடியும். அவர் மறுபடி கையாட்டினார். சாலேஹாவின் உதடு வெளுத்துவிட்டது. என் பக்கம் வந்தபோது, "ஆடேக், கால் போச்சு" என்றாள் மூச்சோடு.

யோசிக்க நேரமில்லை. "அண்ணே, கால்!" என்றேன். பெருமாளண்ணன் கரகம் அசையாமல் மெல்ல மண்டியிட்டார். சாலேஹா நின்ற இடத்திலேயே நிற்கும்படி விட்டு, லலிதா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இழுத்து இழுத்து அவர்களைச் சுற்றினோம். சாலேஹா கால் அசைக்கவில்லை. கைகளை மட்டும் கரகத்துக்கு மேலே கொண்டுபோய், தொடாமல் வளைத்து, திருப்பி எடுத்தாள். தொடாத அந்தக் கைகளைப் பார்க்க மண்டபம் விசிலை நிறுத்தியது. ஒத்திகை இல்லை, யாரும் அமைக்கவில்லை. நான் ஆடியதிலேயே நல்ல ஆட்டம் அதுதான். அவள் கன்னத்தில் கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, வலி. முன்வரிசை அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டது.

கிரீடம் கிடைத்தது. மாதா அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

செயலாளர் மாலையோடு மேடையேறினார். நம் பண்பாட்டின் தூய்மை, தமிழ்ப்பெண்ணின் அடக்கம் என்று நெடுநேரம் பேசினார். ஒற்றைக் காலில் எடையை வைத்து அவள் நின்றுகொண்டிருந்தாள். கடைசியாகத் தஞ்சாவூர் சாரதாவின் கையில் மாலையைக் கொடுத்தார்.

அவள் விருந்தினரையும் கூட்டத்தையும் பார்த்து, பழைய ரோங்கெங் குரலில், பின்சுவர்வரை கேட்கும்படி சொன்னாள்: "தெரிமா காசே, துவான். நாமா சாயா சாலேஹா."

நன்றி ஐயா, என் பெயர் சாலேஹா. இவ்வளவுதான். மலாய் தெரியாத தமிழன் அங்கே யார்? பின்னால் நின்ற கூட்டம் கூரை அதிரச் சிரித்துக் கைதட்டியது. முன்வரிசை கல்லாகிவிட்டது. அப்போது அந்த மலாய்ப் பெரியவர் எழுந்து நின்று கைதட்டினார். உடனே முன்வரிசை முழுவதும் எழுந்தது. செயலாளரின் முகம் சிவந்து, வெளுத்து, பிறகு பல் முழுவதும் தெரியச் சிரித்தது. இனங்களின் நட்புக்காகத் தாமே செய்த ஏற்பாடு என்று கீழே இறங்கி விருந்தினரிடம் விளக்கியதை நான் என் காதால் கேட்டேன்.

மாஸ்டர் எங்களோடு லாரியில் திரும்பவில்லை. அன்றே சிங்கப்பூர் போய், அங்கே புதிய நடனத்தின் தந்தையாகப் பள்ளி வைத்துப் பிழைத்துக்கொண்டார்.

சாலேஹா அதன் பிறகு ஆடவில்லை. முட்டி முற்றாகப் போய்விட்டது. தவுக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார் என்று நாங்கள் பயந்தோம். அவர் வந்து, "அந்த டான்ஸை யார் செஞ்சது?" என்று கேட்டார். "மூணு பேரும்" என்றேன். "மூணு பேருக்கும் மாஸ்டர் சம்பளம் குடுக்கமுடியாது. யாராவது ஒருத்தர் சொல்லு" என்றார். பெருமாளண்ணனும் நானும் சாலேஹாவைக் காட்டினோம். கருணையால் அல்ல. ஏசுவதில் அவளை மிஞ்ச எங்களால் முடியாது.

யுத்தம் வரும்வரை எக்ஸ்ட்ரா டர்ன் அவள் பொறுப்பில்தான் இருந்தது. புதிதாக வந்த பெண்கள் எல்லாரும் அந்த இழுப்பை ஆடத்தான் ஆசைப்பட்டார்கள். ஊரெல்லாம் பேர் வாங்கிய இழுப்பு. முதல் நாளே ஒருத்தி, வீட்டில் பழகிக்கொண்டு வந்து, காலை விறைப்பாக நீட்டித் தரையில் அழகாக இழுத்துக் காட்டினாள். நான்கூடச் சபாஷ் என்றேன்.

சாலேஹா அவளைக் கிட்டே கூப்பிட்டாள். குனிந்து அவளுடைய முட்டியை இரண்டு கைகளாலும் பிடித்து மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள்.

"நல்ல முட்டி. இதை வச்சிக்கிட்டு ஏன் நொண்டுற? திரும்பு" என்றாள்.